முதுகுக்குப் பின்னால் விழுந்த பொழுது

பள்ளிக்கூட வாத்தியார் பொய் எழுதினார். தெரியாமல் எழுதிவிட்டார் என்று சொல்ல நான் தயாராக இல்லை. தனக்குத் தெரியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, இலங்கையில் பொழுது சாய்வதைப் பார்க்கச் சிறந்த ஏழு கடற்கரைகள் என்று எழுதினார். அந்த ஏழில் மூன்றில் பொழுது கடலில் விழாது. அவர் முதலாவதாகப் போட்ட கரையில் நானும் என் அக்காவும் போய் உட்கார்ந்தோம். நடந்ததை எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். அழகாக எழுதத் தெரிந்தவர் எழுதியதால் வந்த வினைதான் இது, அதனால் அந்தக் குறை எனக்கு வருத்தமில்லை.

எங்கள் தோட்டம் வட்டகொடை ஸ்டேஷனுக்குக் கீழே. நாங்கள் குடியிருந்த லயங்கள் பள்ளத்தில், ஆற்றங்கரையில் இருக்கும். எதிரே ஒரு பெரிய மலை செங்குத்தாக நிற்கும். மார்கழி, தை மாதங்களில் மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் சூரியன் அந்த மலைக்குப் பின்னால் போய்விடும். குளிர் வந்துவிடும். ஆனால் அத்துடன் பொழுது முடிவதில்லை. நாலரை மணி வாக்கில், அந்த மலைக்கு வலப்பக்கம் இருக்கிற பிளவில் சூரியன் திரும்ப எட்டிப் பார்க்கும். ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் நிற்கும். அதை நாங்கள் மறுவெயில் என்போம். மறுவெயில் விழுந்ததும் கங்காணி மேலே நின்று கத்துவார், பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு இறங்குவார்கள். மேகம் மூடிய நாளில்தான் கடிகாரத்தைப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் மறுவெயில்தான் எங்களுக்கு மணி.

பொழுது சாய்வது என்றால் எங்களுக்கு அவ்வளவுதான். மலை ஒரு தடவை விழுங்கும், ஒரு தடவை துப்பும், திரும்ப விழுங்கும்.

அக்கா கொழுந்து எடுத்தாள். நான் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். அக்கா, அவள் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், நான், எல்லாரும் ஒரே காம்பராவில் இருந்தோம். அக்காவைத் தவிர எனக்கு உறவு என்று யாரும் கிடையாது.

தோட்டத்தின் உச்சியில் ஏழாம் நம்பர் மலை இருந்தது. வானம் சுத்தமாக இருக்கிற நாளில் அங்கிருந்து பார்த்தால், வெகுதூரத்தில், மேற்கே, ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அதுதான் கடல் என்று கிழவிகள் சொல்வார்கள். அக்கா அந்த மலையில் எத்தனையோ வருஷம் கொழுந்து எடுத்திருக்கிறாள். ஆனால் சூரியன் அந்தக் கோட்டுக்குப் போய்ச் சேருகிற நேரத்தில் அவள் அங்கே இருந்ததே இல்லை. அந்த நேரத்தில் நிறுவை மடுவத்தில் வரிசையில் நிற்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அதற்கென்றே மலை ஏறினோம். நாலு மணிக்கு மூடுபனி வந்தது. அக்காவின் சீலை நிறம்கூட எனக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தோம்.

பிறகு அக்கா வீட்டுக்காரர், குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்விடுவதாக அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். என்னைக் கேட்டார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. பிறந்த இடத்தை விட்டுப் பார்க்காத ஊருக்கு ஏன் போகவேண்டும் என்று கேட்டேன். பாஸ்போர்ட் வருகிற நாள் நெருங்கியபோது ஒருநாள் அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டே சொன்னாள்.

"போறதுக்கு முந்தி ஒரு தடவ கடல்ல பொழுது விழுறத பாக்கணும்டி. ஒங்கூட ஒக்காந்து பாக்கணும்."

"கப்பல்ல போறப்ப பாத்துக்க."

"கப்பல்ல நீ இருப்பியா?"

எந்தக் கடற்கரை என்று தேடத் தொடங்கினேன். கடற்கரையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தேயிலை லொறி ஓட்டுகிறவரைக் கேட்டேன். அவர் கொழும்புத் துறைமுகத்துக்குப் போய்வருகிறவர்.

"கல்கிசைக்குப் போங்க தங்கச்சி. ரயில்ல போய் எறங்குனா மணல்லயே காலு. ஆனா ஒண்ணு, பொழுது சாயிற நேரம் கொடைக்குக் கீழ ஜோடி ஜோடியா ஒக்காந்திருப்பானுங்க. நீங்க பொழுத பாக்குறதா, அவனுங்கள பாக்குறதான்னு ஆகிடும்."

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "அது வேணாம். பொழுது போதும்."

பாண்காரர் சிங்களவர். சைக்கிளில் ரொட்டிப் பெட்டி கட்டிக்கொண்டு லயத்துக்கு வருவார். அவருடைய சொந்த ஊர் நீர்கொழும்புப் பக்கம், அவர் அதை மீகமுவ என்பார். நான் கேட்டதும் சைக்கிளை நிறுத்தி, கால் ஊன்றி நின்றுவிட்டார்.

"மீகமுவ போங்க அக்கே. வேற எங்கயும் போக வேணாம். எங்க ஊட்டு வாசல்ல இருந்தே பாக்கலாம். தோணி எல்லாம் திரும்பி வரும். இர ஒரு பழம் மாதிரி தண்ணில விழும். ஹரி லஸ்ஸனய்." இர என்றால் அவர் பாஷையில் சூரியன், லஸ்ஸனய் என்றால் அழகு. பிறகு கையால் காட்டினார். பழம் விழுவதையும் காட்டினார். "எங்க அம்மா இருக்கு. தேத்தண்ணி குடுக்கும். நான் சொன்னதுன்னு சொல்லுங்க."

அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. "அங்கயே போவோம்டி. தெரிஞ்ச வீடு ஒண்ணு இருக்குல்ல" என்றாள். அங்கேயே போயிருக்கலாம். அந்த மனிதர் சின்ன வயசிலிருந்து அந்தப் பொழுதைக் கண்ணால் பார்த்தவர்.

அந்த வாரம்தான் வாத்தியாரின் கட்டுரை வந்தது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என்னைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. பிள்ளைகளை அடிக்கமாட்டார். அதையும் சொல்லவேண்டும். ஆனால் லயத்துக்குள் கால் வைத்தது கிடையாது. கட்டுரை வந்த பத்திரிகையை அவரே கூட்டுறவுக் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லியிருந்தார். நான் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். முதலாவது திருகோணமலை. "கோணமலைக் கரையில் அமர்ந்து, செங்கதிரோன் நீலத்திரைகளினூடே மெல்ல மெல்ல மூழ்குவதைக் கண்ட கண்கள் பிறிதொன்றைக் காண விழையா" என்று இருந்தது. நீர்கொழும்பு ஆறாவது. அதற்கு ஒரே வரி. மீன் வாடை என்று எழுதியிருந்தார்.

நான் அந்த வரியை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அவரு படிச்சவரு. பேப்பருல போட்டிருக்கு. பாண்காரரு அவரு ஊருன்னு சொல்றாரு. அவங்கவங்க ஊரு அவங்கவங்களுக்குப் பெருசுதான்."

"மீன் நாத்தம் நமக்கு என்னாடி செய்யும்? கருவாடு திங்காத மாதிரி பேசுற."

"கோணமலைன்னா கோயிலும் இருக்கு. சாமி கும்பிட்ட மாதிரியும் இருக்கும். ஒரே ஒரு தடவ போறோம். முதலாவதுக்குப் போகாம ஆறாவதுக்கா போவாங்க?"

அக்கா விட்டுக்கொடுத்தாள். எப்போதும் அவள்தான் விட்டுக்கொடுப்பாள்.

இருந்தாலும் எனக்கு ஒரு சின்ன உறுத்தல். போவதற்கு இரண்டு நாள் முன்னால் பள்ளிக்கூட வாசலில் வாத்தியாரை நிறுத்திக் கேட்டேன்.

"சார், கோணமலையில நெசமா கடல்லயே விழுமுங்களா பொழுது?"

அவர் கையில் பிள்ளைகளின் கொப்பிகள் இருந்தன. என்னைப் பார்க்காமல் சொன்னார். "எழுதியிருக்குத்தானே பிள்ளை. வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சேன் சார்."

"பிறகென்ன?"

இந்த இடத்தைப் படிக்கிறவர்கள் மறக்கக்கூடாது. நான் கேட்டேன். அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. நான் போய்ப் பார்க்கேல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் நீர்கொழும்புக்குப் போயிருப்போம்.

தைப்பொங்கல் முடிந்த சனிக்கிழமை இரவு ரயில் ஏறினோம். பிள்ளைகளை அக்கா வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். காலையில் கண்டியில் பஸ் பிடித்தோம். அக்காவுக்கு மூன்று தடவை வாந்தி. ஹபரணைக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் டயர் வெடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். மலையே இல்லாத நிலத்தை அப்போதுதான் பார்த்தோம். "சரிஞ்சி விழ எடமே இல்ல, எப்படித்தான் இவங்க தூங்குறாங்களோ" என்றாள் அக்கா.

திருகோணமலையில் இறங்கியபோது நாலு மணி தாண்டிவிட்டது. வானம் முழுக்க சாம்பல் மேகம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. கோயில் பாறையில் ஏறிக் கும்பிட்டுவிட்டு, பாறைக்குப் பக்கத்தில் மணலில் இறங்கினோம். வள்ளங்கள் கரையில் கிடந்தன. நாய் இரண்டு படுத்திருந்தன.

கடலைப் பார்த்ததும் அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினாள். உடனே துள்ளி வெளியே வந்தாள். "எரியுதுடி!" அட்டை கடித்த புண்ணும் குதிகால் வெடிப்பும் உப்புத்தண்ணீரில் எரிந்தன. திரும்ப இறங்கினாள். எரிய எரிய நின்றாள். பிறகு மேலே வந்து, என் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

சூரியனைக் காணவில்லை.

எங்களுக்குக் கிழக்கு மேற்கு தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். எங்கள் தோட்டத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வோம், எந்த மலை எந்தப் பக்கம் என்று. ஆனால் ஒரு இரவு ரயிலும் ஒரு பகல் பஸ்ஸும் சுற்றிச் சுற்றி வந்து, மலையே இல்லாத இடத்தில், மேகத்துக்குக் கீழே இறக்கிவிட்டால் திசை புரண்டுவிடும். ஏழாம் நம்பர் மலையிலிருந்து பார்த்தால் கடல் பொழுது விழுகிற பக்கம்தான் இருக்கும். அப்படியென்றால் கடல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பொழுது விழவேண்டும். பேப்பரிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. எங்கள் கணக்கு இவ்வளவுதான்.

"இன்னும் காணோமே" என்றேன்.

"மேகத்துக்குள்ள போயிருக்கு. மறுவெயிலு வரும். இரு."

"இங்க மலையே இல்லியே. மறுவெயிலு எப்படி வரும்?"

"மேகமும் மலை மாதிரிதான். எங்கயாச்சும் பொளவு இருக்கும். அந்தப் பக்கமா எட்டிப் பாக்கும்." கடலின் மேல் ஒரு இடத்தைக் காட்டினாள். மேகம் அங்கே கொஞ்சம் மெலிந்திருந்தது. "அங்கதான் வரும் பாரேன்."

நாங்கள் அந்த மெலிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அக்கா பேசினாள். இந்தியாவில் துறையூருக்குப் பக்கத்தில் அவள் மாமனாரின் அண்ணன் வீடு இருக்கிறது, அங்கேதான் முதலில் போகப்போகிறார்கள், அவர்கள் எப்படிப்பட்டவர்களோ தெரியாது என்றாள். சின்னவனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளுமா என்றாள். நான் இல்லாமல் அவன் தூங்கமாட்டான் என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு, "பாக்காம பேசிக்கிட்டே இருக்கேன் பாரு" என்று வாயை மூடிக்கொண்டாள். பேசிக்கொண்டே இருந்தால் தவறவிட்டுவிடுவாளாம். அதனால் கடைசி அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. பேசியிருக்கலாம்.

வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா நெடுநேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கிட்டே வந்தார்.

"ஆரும் கடலுக்குப் போயிருக்கினமோ பிள்ளையள்? ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்?"

"யாரையும் இல்லீங்க. பொழுது விழுறத பாக்க வந்தோம்" என்றாள் அக்கா.

அந்த அம்மா கடலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை, அவரால் அடக்கமுடியவில்லை.

"ஐயோ பிள்ளையள், இங்க கடலுக்குள்ள விடியத்தான் பொழுது கிளம்பும். படுறது அங்கால, ஊர்ப்பக்கம். திரும்பிப் பாருங்கோ!"

திரும்பினோம். எங்கள் முதுகுக்குப் பின்னால், பனைமரங்களுக்கும் ஓட்டுக்கூரைகளுக்கும் மேலே, மேகத்தின் அடியில் ஒரு சிவப்புக் கீற்று இருந்தது. குழந்தையின் கன்னத்தில் நகம் பட்ட மாதிரி. நாங்கள் எழுந்து நிற்பதற்குள் அதுவும் போய்விட்டது.

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியே, பொழுதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தோமேடி! தோட்டத்துல சொல்லிடாத. கங்காணி கேட்டா செத்தேன்." அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் மணலை வாரிக் கடலில் வீசினேன். காற்று அதை என் முகத்திலேயே திருப்பிப் போட்டது. அதற்கும் அக்கா சிரித்தாள்.

"இரவைக்கு எங்கட வாடியில தங்குங்கோ" என்றார் அந்த அம்மா. "விடிய எழும்பினா, கிளம்புறதை எண்டாலும் பாக்கலாம். அதுவும் வடிவுதான்."

அக்கா என்னைப் பார்த்தாள். தங்கலாம் என்று அவள் கண் சொன்னது. ஆனால் திங்கட்கிழமை மத்தியானம் பாஸ்போர்ட் காரியமாக அவள் ஹட்டனில் இருக்கவேண்டும், கைநாட்டு வைக்கவேண்டும். தவறினால் மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. "வேணாம்க்கா, போயிடுவோம்" என்று நான்தான் சொன்னேன். அவளை இந்த நாட்டைவிட்டு அனுப்புகிற காரியத்துக்கு நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான்தான். அன்றிரவே ஏறிய ரயிலில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். சிரித்துக்கொண்டே வந்தவள், தூங்குவதற்கு முன்னால் மட்டும் ஒன்று சொன்னாள். "பாண்காரரு வீட்டுக்குப் போயிருக்கலாம்டி." குற்றம் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாத்தியார் வகுப்பில் இருந்தார். வெளியே கூப்பிட்டேன்.

"சார், நீங்க கோணமலைக்குப் போயிருக்கீங்களா?"

"ஏன் கேக்கிறீர்?"

"போயிருக்கீங்களா இல்லியா?"

"இல்லை" என்றார். சாதாரணமாகச் சொன்னார். தோட்டத்துத் துரை பங்களாவில் கிடந்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தில் நல்ல கடற்கரைகள் என்று படம் போட்டு ஒரு பட்டியல் இருந்ததாம். குளிப்பதற்கு நல்ல கரைகள். அதை எடுத்து, பொழுது சாய்வதைச் சேர்த்தால் வாசிக்க நன்றாக இருக்கும் என்று சேர்த்துக்கொண்டாராம்.

"அங்க பொழுது கடல்ல விழாது சார். நாங்க போயி ஒக்காந்து பாத்தோம்."

"நீர் போனீரோ?" அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. "ஆர் உம்மைப் போகச் சொன்னது? அது வாசிக்கிறதுக்கு எழுதினது பிள்ளை. போறதுக்கு இல்லை."

"பேப்பருல திருத்தம் போடுங்க சார். வேற யாராச்சும் போயிடுவாங்க."

"ஆர் போறது? இங்கத்தைச் சனம் கடற்கரைக்குப் போகுதோ?"

வகுப்பில் பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் முன்னால் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன், அச்சில் வராது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த வருஷம் மாற்றலாகிப் போனார்.

மாசியில் அக்கா போனாள். தலைமன்னார் வரைக்கும் நானும் ரயிலில் போனேன். கப்பல் ஏறுகிற பாலத்துக்கு முன்னால் கம்பிக் கதவு, அதற்கு மேல் பயணச்சீட்டு உள்ளவர்கள்தான். சின்னவன் என் சீலையை விடவில்லை, விரல் விரலாகப் பிரித்துக் கொடுத்தேன். அக்கா திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்ததில் யார் மேலேயோ இடித்துக்கொண்டாள். அதற்கும் சிரித்தாள். கப்பல் போன பிறகு எனக்கு அந்த மணலில் நிற்கப் பிடிக்கவில்லை. ஸ்டேஷனுக்குள் போய் ஒரு பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பெரியவன் எழுதியிருந்தான், அக்கா சொல்லச் சொல்ல. ஊர் காய்கிறது, கிணறு ஆழம், கப்பலில் கீழ்த்தட்டில் மூட்டைகளுக்கு நடுவில் இருந்ததால் ஒன்றும் பார்க்கவில்லை, இங்கே கடலே இல்லை. கடைசியில் ஒரு வரி: "நீயாவது பார்த்தாயா? பார்த்தால் எழுது."

அதனால்தான் போனேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. பொழுதுபோக்கு என்றோ, ஊர் சுற்றுகிறாள் என்றோ தோட்டத்தில் பேசினார்கள். பேசட்டும்.

முதலில் நீர்கொழும்பு. பாண்காரரின் அம்மா தேத்தண்ணீர் கொடுத்தார், நான் பேசிய சிங்களத்துக்குச் சிரித்தார், பக்கத்தில் உட்கார்ந்து பாக்கு இடித்தார். பாண்காரர் சொன்னது அத்தனையும் சரி. தோணிகள் பாயை விரித்துக்கொண்டு வந்தன. சூரியன் கடைசியில் அவசரப்பட்டது. மெல்ல மெல்ல மூழ்கவில்லை. தண்ணீரைத் தொட்டதும் அடிப்பாகம் தட்டையாகி, பிறகு சட்டென்று இறங்கிப் போனது. போன பிறகுதான் வானம் சிவந்தது. கால் மணி நேரம் சிவந்துகொண்டே இருந்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பக்கத்தில் காட்டுவதற்கு ஆள் இல்லை. "அந்தா பாருக்கா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பாண்காரரின் அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பாக்கு இடித்தார்.

அதை அப்படியே எழுதி அனுப்பினேன். தட்டையானதை மட்டும் அக்கா நம்பவில்லை. "ஊத்தப்பமா அது, தட்டையாக?" என்று பதில் வந்தது.

பிறகு கல்கிசை. லொறிக்காரர் சொன்னபடி குடைகள்தான். தனியாக நின்ற என்னை இரண்டு பேர் வந்து எந்த பங்களாவில் வேலை என்று கேட்டார்கள். பொழுது நன்றாகத்தான் விழுந்தது. பேருவளையில் மேகம், வீணாய்ப் போயிற்று. ஹிக்கடுவையில் அலை கரைக்கு வருவதற்கு முன்னாலேயே உடைந்துவிடுகிறது, தண்ணீர் தட்டில் ஊற்றிய மாதிரி நிற்கிறது, சிவப்பு கால் வரைக்கும் வருகிறது. இருக்கிற கரைகளில் அதுதான் சிறந்தது என்பேன். ஆனால் திரும்ப ரயில் இல்லாமல் ஸ்டேஷனில் விடிய விடியக் கிடந்தேன். தனியாக வருகிற பெண்ணுக்கு அது முதலாவது கரை இல்லை. அவளுக்கு நீர்கொழும்புதான் முதலாவது. ஒரு கரையைச் சிறந்தது என்று சொல்வதற்கு அங்கே போய் உட்காரவேண்டும், திரும்பி வரவும் வேண்டும். எல்லாவற்றையும் அக்காவுக்கு எழுதினேன். வாத்தியாரின் ஏழில் மீதி இருந்த கல்லடிக்கும் பொத்துவிலுக்கும் நான் போகவில்லை. பஸ்காரர்களையும் மீன்காரர்களையும் கேட்டேன். இரண்டும் கிழக்கே பார்த்த கரை.

பதில்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. பெரியவன் எங்கோ வேலைக்குப் போய்விட்டான், எழுதுவதற்கு வீட்டில் ஆளில்லை என்று ஒரு கடிதம் வேறு யாருடைய கையெழுத்திலோ வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. நான் எழுதியவை திரும்பியும் வரவில்லை. அக்கா கடலில் பொழுது விழுவதைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

இப்போது அந்த வாத்தியாரின் கட்டுரைகள் புத்தகமாக வந்திருக்கின்றன. நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். ஏழு கடற்கரைகளும் அப்படியே இருக்கின்றன. கோணமலைதான் முதலாவது. ஒரு எழுத்து மாறவில்லை. மாறாதது போகட்டும், முன்னுரையில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "இவை யாவும் நேரிற் கண்டு எழுதியவை." என் முன்னால் நின்று, போகவில்லை என்று வாயால் சொன்னவர் இதை எழுதுகிறார். வெளியீட்டு விழாவில் அவருக்குச் சால்வை போட்டிருக்கிறார்கள்.

வாத்தியார் ஐயா, உங்களுக்கு நான் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. என் வீட்டுக்குப் பதில் போட்டு இதை முடிக்கலாம் என்று இனி நினைக்கவேண்டாம். எந்தப் பத்திரிகையில் அந்தக் கட்டுரையை எழுதினீர்களோ அதே பத்திரிகையில், அதே ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள். கோணமலைக்கு எந்த வருஷம், எந்த மாதம் போனீர்கள்? எந்த இடத்தில் உட்கார்ந்தீர்கள்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? போகவில்லை என்றால் போகவில்லை என்று எழுதுங்கள். அதை நம்பி இரண்டு பெண்கள் போனார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாங்கள் போகிற சனம் இல்லை என்று நீங்கள் நினைத்ததையும் எழுதுங்கள். எல்லாரும் படிக்கும்படி எழுதுங்கள்.